'பேட் செக்டர் சரிசெய்யப்பட்டது' என்று மென்பொருள் சொன்னால் என்ன பொருள்?

ஒரு கோப்புறையைத் திறக்கிறீர்கள். வழக்கமாக உடனே திறந்துவிடும். இன்று கணினி அப்படியே நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. அரை நிமிடம் கழித்து, கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வருகிறது. அடுத்து பெரும்பாலோர் செய்வது, டிஸ்க்கைப் பழுது பார்க்கும் மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கி ஓடவிடுவதுதான். இரவு முழுக்க ஓடிவிட்டு, காலையில் அது "16 பேட் செக்டர்கள் சரிசெய்யப்பட்டன" என்கிறது. நிம்மதியோடு கோப்பைத் திறந்தால் திறக்கவில்லை. அல்லது திறக்கிறது, ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

மென்பொருள் பொய் சொன்னதா? இல்லை. அது சரிசெய்ததாகச் சொன்னது இடத்தை. அந்த இடத்தில் எழுதியிருந்ததை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் நானே ஒருமுறை படங்களை இழந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், சேதமான இடம் என்றால் என்ன என்று பார்ப்போம்.

தட்டில் எழுதியிருப்பது

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் வழவழப்பான வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு. மேசைக் கணினிகளில் இருக்கும் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். விளிம்பில் அந்த வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். படிக்கவும் எழுதவும் செய்கிற ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு வேகமாகச் சுற்றும் ஒரு பொருள் பழுதாவதில் வியப்பே இல்லை. பழுதாகாமல் பல வருடம் ஓடுவதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

தட்டில் தகவல் சிறு சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. ஒரு துண்டுக்கு செக்டர் என்று பெயர். நீண்ட காலம் ஒரு செக்டர் 512 பைட்டாக இருந்தது. 2011 வாக்கிலிருந்து வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் 4,096 பைட். ஒரே ஒரு பைட் வேண்டுமென்றாலும் டிஸ்க் முழு செக்டரையும் படித்தாக வேண்டும். அதனால் சேதத்தையும் செக்டர் கணக்கில்தான் எண்ணுகிறோம்.

ஒவ்வொரு செக்டரிலும் உங்கள் தகவலோடு சேர்த்து இன்னும் சில பைட்டுகள் எழுதப்படும். அவைதான் பிழைதிருத்தக் குறியீடு, சுருக்கமாக இசிசி. இதைப் புரிந்துகொள்ள, செல்லரித்த ஓலைச்சுவடி ஒன்றில் ஒரு வெண்பா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அடியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து போய்விட்டது. யாப்பு தெரிந்தவர் முதல் அடியின் எதுகையைப் பார்த்து, போன எழுத்து இன்னது என்று சொல்லிவிடுவார். தளை தட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்து, தாம் நிரப்பியது சரிதானா என்றும் சோதித்துக்கொள்வார். பாட்டின் பொருளைச் சொல்ல எதுகையும் தளையும் தேவையில்லை. ஆனால் கூடுதலாகப் போட்ட அந்தக் கட்டுதான் அழிந்த எழுத்தை மீட்டுத் தருகிறது.

இசிசி செய்வதும் இதே வேலைதான், கணிதத்தின் துணையோடு. அழிந்தது கொஞ்சமாக இருந்தால் டிஸ்க் தானே திருத்தி நல்ல தகவலைக் கொடுத்துவிடும். இப்படித் திருத்துவது எந்த டிஸ்க்கிலும் ஓயாமல் நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் ஓலையில் ஒன்றரை அடி அரித்துப்போனால் எந்தப் புலவராலும் மீட்க முடியாது. இசிசிக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. எழுதியிருப்பதும் இசிசியும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகச் செய்யவும் வழியில்லை என்றால் டிஸ்க் கைவிரித்துவிடும். நாம் பேட் செக்டர் என்று சொல்வது அதைத்தான்.

கவனித்தீர்களா, தட்டில் கீறல் விழுந்திருக்க வேண்டும் என்று இதில் எங்கும் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகலாம். அப்போது செக்டரின் முன்பாதியில் புதிய தகவல், பின்பாதியில் பழைய தகவல், பழைய இசிசி என்று ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுவிடும். படிக்க முடியாது, ஆனால் இடத்துக்கு ஒரு குறையும் இல்லை. எழுதும் நேரத்தில் டிஸ்க் அதிர்ந்து ஹெட் சற்று விலகினாலும் இதே கதைதான். இவற்றை மென்சேதம் என்பார்கள். பூச்சு பழுதானதாலோ, தூசி உரசியதாலோ, ஹெட் தட்டில் இடித்ததாலோ வருவது வன்சேதம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது என்ன என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த இடத்தில் மறுபடி எழுதிப் பார்ப்பது. எழுதினால் பழையது போய்விடுமே என்பதுதான் இதில் உள்ள முழுச் சிக்கலும்.

டிஸ்க் தானாகச் செய்வது

மென்பொருள் நேராகத் தட்டுக்குப் போய் ஏதோ செய்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குத் தட்டு கண்ணிலேயே படாது. டிஸ்க்குக்குள் தனியாக ஒரு செயலி, நினைவகம், அதை ஓட்டும் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எல்லாம் இருக்கின்றன. மென்பொருள் அதனிடம் "இத்தனாவது எண் செக்டரைக் கொடு" என்றோ "இத்தனாவது எண்ணில் இதை எழுது" என்றோ கேட்கலாம். அந்த எண் தட்டில் எந்த மூலையைக் குறிக்கிறது என்பது டிஸ்க்குக்கு மட்டுமே தெரியும்.

முன்பு இப்படி இல்லை. 1980களில் வந்த 10, 20 மெகாபைட் டிஸ்க்குகளின் மேல்மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்தெந்த இடம் தொழிற்சாலையிலேயே பழுது என்ற பட்டியல் அதில் அச்சாகியிருக்கும். டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும்போது அந்தப் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்து உள்ளே கொடுக்க வேண்டும். பிறகு ஐடிஇ முறை வந்து, கட்டுப்படுத்தும் சுற்று டிஸ்க்கின் உடம்போடே சேர்ந்ததும், அந்தச் சீட்டு டிஸ்க்குக்குள்ளேயே போய்விட்டது.

இன்றைய டிஸ்க்கில் அப்படி இரண்டு பட்டியல்கள். ஒன்று பி-லிஸ்ட். தொழிற்சாலையில் சோதித்தபோதே தெரிந்த பழுதுகள் அதில் இருக்கும், எண் போடும்போதே அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். புத்தம் புது டிஸ்க்கிலும் இந்தப் பட்டியல் இருக்கும் என்பதால் பதற வேண்டாம். இன்னொன்று ஜி-லிஸ்ட். ஓட ஓடப் புதிதாகத் தோன்றிய பழுதுகள் அதில் சேரும். இவற்றுக்கு ஈடுகொடுக்க, உபரி செக்டர்கள் சிலவற்றை டிஸ்க் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது.

இப்போது, படிக்க முடியாத ஒரு செக்டரைக் கணினி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் உடனே கைவிடாது, மறுபடி முயலும். ஆனால் மறுபடி படிக்க வேண்டுமென்றால் தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி அந்த இடம் ஹெட்டுக்கு அடியில் திரும்ப வர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். ஹெட்டை இம்மி இடப்பக்கம் நகர்த்தி ஒரு முறை, வலப்பக்கம் நகர்த்தி ஒரு முறை என்று பல சுற்று முயன்று பார்க்கும். சாதாரண டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காகப் பல நொடிகள்கூட இப்படிப் போராடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு அமைப்புகளுக்கான டிஸ்க்குகள் மட்டும் பொதுவாக 7 நொடியில் நிறுத்திக்கொள்ளும். அங்கே அதே தகவல் வேறொரு டிஸ்க்கிலிருந்து கிடைத்துவிடும் என்பதால் அவ்வளவு போராட வேண்டியதில்லை. உங்கள் கணினி திடீரென்று உறைந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் போராட்டம்தான்.

கடைசி வரை படிக்க வரவில்லை என்றால் டிஸ்க் பிழைச் செய்தி அனுப்பும். அந்த எண்ணை 'நிலுவை' என்று குறித்துக்கொள்ளும். அத்தோடு சரி. உபரி செக்டருக்கு மாற்றாது.

ஏன் மாற்றவில்லை? உபரி செக்டரில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. பழைய தகவல் கையில் இல்லை. காலியாகவோ பூஜ்யமாகவோ போட்டு மாற்றிவிட்டால், அடுத்த முறை கணினி கேட்கும்போது டிஸ்க் எந்தப் பிழையும் காட்டாமல் பூஜ்யங்களைக் கொடுக்கும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு பகுதி சத்தமில்லாமல் பூஜ்யமாகியிருக்கும். அதைவிட "என்னால் படிக்க முடியவில்லை" என்று சொல்வது எவ்வளவோ மேல். இன்னொன்று, இன்று படிக்க வராதது நாளை வெப்பநிலை மாறும்போது வரலாம். அந்த வாய்ப்பையும் டிஸ்க் உங்களுக்காகக் காத்து வைக்கிறது. ஃபர்ம்வேர் எழுதியவர்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

நிலுவை தீர்வது எப்போது? அதே எண்ணில் யாராவது புதிதாக எழுதும்போது. எழுதச் சொல்கிறார்கள் என்றால் பழையது இனி வேண்டாம் என்றுதானே பொருள்? உடனே டிஸ்க் அந்த இடத்தில் எழுதி, சரியாக நிற்கிறதா என்று பார்க்கும். நின்றால் அது மென்சேதம். நிலுவையிலிருந்து எடுத்துவிட்டு, அதே இடத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும். நிற்கவில்லை என்றால் உபரி செக்டர் ஒன்றை எடுத்து அந்த எண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பழைய இடத்தை ஜி-லிஸ்டில் எழுதிவைக்கும். வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்கு எண் மாறாது, இடம் மாறியதும் தெரியாது.

மென்பொருளின் கையில் இருப்பது

இதுவரை சொன்னது புரிந்துவிட்டால், பழுது பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றையும் எடைபோட்டுவிடலாம். அவற்றால் முடிந்தவை மூன்றே மூன்று: படிக்கச் சொல்வது, எழுதச் சொல்வது, நடந்ததைக் குறித்து வைப்பது. மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவது, இந்த மூன்றை எந்த வரிசையில் எவ்வளவு பொறுமையாகச் செய்கிறது என்பதுதான்.

வெறுமே படித்துப் பார்ப்பவை ஒரு வகை. விக்டோரியா, எம்எச்டிடி போன்றவை டிஸ்க் முழுவதையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று வண்ணக் கட்டங்களில் காட்டும். நல்ல இடம் சில மில்லிசெகண்டில் வந்துவிடும். அரை நொடி ஆனால், அந்த நேரத்துக்குள் தட்டு 60 சுற்று சுற்றியிருக்கிறது. படிக்க வந்துவிட்டது, ஆனால் மிகுந்த சிரமத்தோடு வந்திருக்கிறது. இப்படிப்பட்ட மெதுவான கட்டங்கள் ஒரே இடத்தில் கொத்தாகத் தெரிந்தால் அங்கே சேதம் வளர்கிறது என்று நினைக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்து, மறுமுறை ஓட்டும்போது வேறு இடத்துக்கு மாறினால், பின்னணியில் வேறு ஏதோ நிரல் டிஸ்க்கைத் தொட்டிருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, இயங்குதளத்தோடு வருபவை. விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையில் 'ஆர்' என்ற தேர்வைச் சேர்த்தால், அது ஒவ்வொரு கிளஸ்டரையும் படித்துப் பார்க்கும். கிளஸ்டர் என்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையின் அளவை, வழக்கமாக 4 கிலோபைட். படிக்க வராத கிளஸ்டரை 'இதைத் தொடாதே' என்று குறித்துவிடும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் இதற்கென்றே மறைவான ஒரு கோப்பு இருக்கிறது. பழுதான கிளஸ்டர்கள் எல்லாம் அந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று எழுதிவைத்துவிட்டால், வேறு எந்தக் கோப்பும் அங்கே வந்து உட்காராது. எளிய உத்தி, ஆனால் நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸில் பேட்பிளாக்ஸ் நிரலும் அதோடு சேர்ந்து ஓடும் இ2எஃப்எஸ்சிகே நிரலும் ஏறக்குறைய இதையே செய்கின்றன.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு பொறி உண்டு. பழைய டிஸ்க்கைப் புதிய டிஸ்க்குக்கு அப்படியே குளோன் செய்தால் அந்த மறைவான கோப்பும் கூடவே போய்விடும். புதிய டிஸ்க்கில் ஒரு பழுதும் இருக்காது. ஆனால் விண்டோஸ் பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு, இன்னும் இத்தனை கிலோபைட் பழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். புதிய டிஸ்க்கும் பழுது என்று எண்ணி அதை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். செக்டிஸ்கில் 'பி' (/b) என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. பழைய பட்டியலில் உள்ள கிளஸ்டர்களை அது மறுபடி சோதித்து, நல்லவற்றை விடுவித்துவிடும்.

செக்டிஸ்க் பேட் செக்டரைச் சந்திக்கும்போது உங்கள் கோப்பில் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழுதான கிளஸ்டருக்குப் பதிலாக வேறு ஒரு நல்ல கிளஸ்டரை அந்தக் கோப்போடு கோத்துவிடும். படிக்க முடிந்ததைப் புதிய இடத்துக்கு மாற்றும். படிக்க முடியாத துண்டில் இருந்தது போனது போனதுதான். கோப்பு இப்போது பிழையில்லாமல் திறக்கலாம். ஆனால் நடுவில் ஒரு பொத்தல் இருக்கும், அந்தப் பொத்தல் எங்கே என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது வகை மறுபடி எழுதுபவை. செக்டரைப் படித்து, கிடைத்ததை அங்கேயே திரும்ப எழுதும். படிக்க வராவிட்டால் வேறு திசையிலிருந்து ஹெட்டை அந்த இடத்துக்கு வரவழைத்து, திரும்பத் திரும்பக் கேட்கும். ஸ்டீவ் கிப்சன் எழுதிய ஸ்பின்ரைட், 1980களின் கடைசியிலிருந்தே இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. ஆயிரத்தில் ஒரு முறை படிக்க வந்துவிட்டாலும் போதும், அந்தத் தகவலைத் திரும்ப எழுதியவுடன் டிஸ்க் நிலுவையைத் தீர்த்துவிடும். அப்படி அமைந்தால் இடமும் பிழைக்கும், எழுதியதும் பிழைக்கும். ஒரு சொட்டுத் தகவலும் போகாமல் சரியாகும் ஒரே வழி இதுதான்.

'காந்தத்தை மறுபடி உயிர்ப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் இந்த வகைதான். சிறப்பு அலை எதையும் அவை தட்டுக்கு அனுப்புவதில்லை, அனுப்ப வழியும் இல்லை. எழுதச் சொல்கின்றன, மற்றதை டிஸ்க்கின் ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்கிறது. முழுக்கப் பூஜ்யம் எழுதும் கருவிகளும், விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் செய்யும் முழு ஃபார்மட்டும் அதே விளைவைத்தான் தருகின்றன. விரைவு ஃபார்மட் மட்டும் எதையும் சோதிக்காது.

4,096 பைட் செக்டர் டிஸ்க்குகளில் ஒரு நுணுக்கம். பல டிஸ்க்குகள் பழைய மென்பொருளுக்காகத் தங்கள் செக்டர் 512 பைட்தான் என்று வெளியில் காட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு பெரிய செக்டர் பழுதானால் வெளியே 8 சிறிய செக்டர்கள் பழுதானதாகத் தெரியும். எண்ணிக்கை 8, 16, 24 என்று வருவது இதனால்தான். இவற்றில் ஒன்றில் மட்டும் எழுதிச் சரிசெய்ய முயன்றால் பெரும்பாலும் நடக்காது. மற்ற ஏழையும் மாற்றாமல் வைக்க வேண்டும் என்பதால் டிஸ்க் முதலில் பெரிய செக்டரைப் படிக்கப் பார்க்கும், அதுதான் படிக்க வராதே. எட்டையும் சேர்த்து ஒரே வீச்சில் எழுதினால்தான் வேலை முடியும்.

இப்போது என் கதை. வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்றில் நான்கு வருடப் படங்கள் இருந்தன. சில படங்கள் திறக்க மறுத்தன. நான் முதலில் செய்தது பழுது நீக்கும் மென்பொருளை ஓட்டியது. அதுவும் எழுதும் தேர்வோடு. எல்லாம் பச்சையாகிவிட்டது. டிஸ்க்கில் ஒரு இடம்கூட உபரிக்கு மாறவில்லை, எல்லாம் மென்சேதம். டிஸ்க் அதற்குப் பிறகும் பல வருடம் ஒழுங்காக ஓடியது. ஆனால் அந்தப் படங்களின் மேல் பூஜ்யங்களை எழுதியது நான்தான். இன்னும் பத்து முறை, நூறு முறை படித்துப் பார்த்திருந்தால் சில வந்திருக்கலாம். அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை.

முதலில் நகல்

அதனால், பழுதான டிஸ்க்கில் வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்கு வேறு நகல் இல்லை என்றால், முதல் வேலை பழுது நீக்குவது அல்ல. டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. இதற்கு நான் நம்புவது க்னூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது, இலவசமாகக் கிடைப்பது. சேதத்தை எப்படி அணுக வேண்டும் என்பதில் இதைவிடத் தெளிவான மென்பொருளை நான் பார்த்ததில்லை.

சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் என்ன ஆகும்? முதல் பேட் செக்டரில் கணினி நின்றுவிடும். அதோடு போராடிப் போராடியே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஹெட் முழுக்கப் போய்விடலாம். அதற்குப் பின்னால் இருந்த 99 சதவீத நல்ல பகுதியும் அதோடு போச்சு. டிடிரெஸ்க்யூ இதைத் தலைகீழாகச் செய்கிறது. எளிதாக வருவதை முதலில் எடு, கடினமானதைக் கடைசிக்கு விடு. இதுதான் அதன் அடிப்படை.

முதல் சுற்றில் பெரிய பெரிய துண்டுகளாகப் படிக்கும். பிழை வந்தால் அங்கே நிற்காது. அந்தத் துண்டைக் குறித்துக்கொண்டு சற்றுத் தள்ளித் தாவும். மறுபடி பிழை என்றால் இன்னும் தள்ளித் தாவும், தாவும் தூரம் கூடிக்கொண்டே போகும். சேதம் பெரும்பாலும் கொத்தாக இருக்கும் என்பதால் இது நன்றாகப் பலிக்கிறது. பிறகு எதிர்த்திசையில் பின்னாலிருந்து முன்னால் வரும். கொத்தின் இன்னொரு கரை அப்போது தெரிந்துவிடும். அடுத்து, பிழை வந்த ஒவ்வொரு துண்டையும் ஓரத்திலிருந்து செக்டர் செக்டராகச் செதுக்கிக்கொண்டே உள்ளே போகும். அதற்கடுத்துதான் நடுவில் மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுக்கும். எல்லாம் முடிந்த பிறகும் வராதவற்றை, நீங்கள் சொன்ன தடவை மட்டும் மறுபடி கேட்கும்.

இவ்வளவையும் அது ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். எந்தப் பகுதி வந்தது, எது இன்னும் தொடப்படவில்லை, எது பழுது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவில் மின்சாரம் போனாலும், டிஸ்க் சூடாகிவிட்டது என்று நீங்களே நிறுத்தினாலும், அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் இதை ஓட்டாதீர்கள், வெற்றிலைக்குப் பாக்குபோல இரண்டும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும். நகலும் வரைபடமும் பழுதான டிஸ்க்கில் போகக் கூடாது, வேறு டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 150 மெகாபைட் படிக்கும் நல்ல டிஸ்க்கில் 1 டெராபைட் நகலெடுக்க 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே டிஸ்க்கில் 5,000 பேட் செக்டர்கள் இருந்து ஒவ்வொன்றுக்கும் 10 நொடி ஆனால், அவற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 14 மணி நேரம். திரையில் சதவீதம் நகராமல் நின்றால் கெட்டுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே வந்து சேர்ந்திருக்கும், மிச்சமிருக்கும் சில கிலோபைட்டுக்குத்தான் இத்தனை பாடு.

நகல் கையில் வந்த பிறகு செக்டிஸ்கோ, கோப்பு மீட்கும் மென்பொருளோ, எதை ஓட்டினாலும் அந்த நகலின் மேல் ஓட்டுங்கள். தப்பாகிப்போனால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் சீராக வந்தாலோ, சுற்றத் தொடங்கி உடனே நின்றாலோ, கணினிக்கு அது இருப்பதே தெரியாமல் போனாலோ எந்த மென்பொருளும் வேண்டாம். ஹெட் அல்லது மோட்டார் போயிருக்கலாம். ஓட்ட ஓட்டத் தட்டு சுரண்டப்படும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் தகவல் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தால், ஹெட் மிதக்கும் அந்தச் சில நானோமீட்டர் இடைவெளியில் தூசி புகுந்து இருப்பதையும் கெடுத்துவிடும்.

எந்த எண்ணைப் பார்ப்பது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் முறைக்கு ஸ்மார்ட் என்று பெயர். இலவச மென்பொருள்கள் பலவும் இதைக் காட்டும். எத்தனை வரி வந்து நின்றாலும் நமக்கு வேண்டியவை மூன்று. எண் 5, உபரிக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. எண் 197, நிலுவையில் இருப்பவை. சில மென்பொருள்கள் இதைச் 'சி5' என்று காட்டும். எண் 199, வயரில் தகவல் போகும்போது வந்த பிழைகள். 5, 197 இரண்டும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை விட்டுவிட்டு வயரை மாற்றிப் பாருங்கள்.

197 பூஜ்யத்தைத் தாண்டினால் எவ்வளவு பயப்பட வேண்டும்? 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஸ்க் பின்னணியில் தன் தட்டைத் தானே படித்துப் பார்க்கும் மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே வராத டிஸ்க்கைப்போல் 39 மடங்கு என்று அதில் தெரிந்தது. முதல் செக்டர் உபரிக்கு மாறிய டிஸ்க்குக்கு இது 14 மடங்கு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றிலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயின. அதனால் அந்த எண் ஏறினால் நம்புங்கள். ஏறவில்லை என்பதற்காக பேக்கப் எடுக்காமல் இருக்காதீர்கள்.

தகவலைச் சில்லுகளில் வைக்கும் எஸ்எஸ்டிக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அதில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் கட்டுப்பாட்டுச் சில்லு தகவலை வேறு வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் மறுபடி எழுதிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. முழு மேற்பரப்பையும் எழுதிச் சோதிக்கும் மென்பொருளை அதில் ஓட்டினால் தேய்மானம்தான் மிச்சம்.

நகல் எடுத்தாயிற்று, கோப்புகள் பத்திரம். பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடுவதா, வைத்துக்கொள்வதா? இப்போதுதான் பழுது நீக்கும் மென்பொருளுக்கு வேலை. முதலில் 5, 197 இரண்டின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுங்கள், பிறகு முழுக்க ஒரு முறை படிக்க விடுங்கள். 197 பூஜ்யத்துக்கு வந்து 5 முன்பிருந்தபடியே நின்றால் அது மென்சேதம், அந்த டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 5 கொஞ்சம் ஏறியிருந்தால் ஒரு வாரம் கழித்து இதையே மறுபடி செய்யுங்கள். இரண்டாம் முறையும் ஏறினால் சேதம் பரவுகிறது. அந்த டிஸ்க்கில், வேறெங்கும் நகல் இல்லாத எதையும் வைக்காதீர்கள்.